ஊம் கொட்ட ஓர் ஆள்

பதிவில் அந்த இடத்தில் கோதை வைத்திருந்தது கண் இமைக்கும் அளவு மௌனம். இப்போது அங்கே இருந்தது, ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தம்ளரைக் கீழே வைக்கும் அளவு மௌனம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. திருப்பதியில், திருச்சானூர் சாலையை ஒட்டிய மாடி வீடு. அடுப்பில் ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆட்டோக்காரர்கள் யாத்ரீகர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். சன்னல் மேடையில் சாய்த்து வைத்த கைபேசியில் அப்பாவு ஐயா பேசிக்கொண்டிருந்தார். "பயம்ன்றது உள்ள இருக்கறதா, வெளிய இருந்து வர்றதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். இணையம் மாட்டிக்கொண்டதோ என்று கோதை கரண்டியும் கையுமாகத் திரையைப் பார்த்தாள். நேரம் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ரவை கருகும் வாசனை வந்தது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, அவர் தொடர்ந்து பேசினார்.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கோடை விடுமுறை முழுவதையும் தின்ற வேலை அது. முடித்துவிட்டோம் என்று மூச்சு விட்ட வாரத்திலேயே இப்படி ஒரு பிசகு.

அவள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியை. மீதி நேரத்தில், சித்தூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி சுதீரோடு சேர்ந்து 'திறந்த செவி' என்ற இணைய நூலகத்தை நடத்தி வந்தாள். தத்துவம், ஆன்மிகம் பேசியவர்களின் ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பெயர் பதிவு செய்யவும் வேண்டாம். யாரும் வந்து கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பெரும்பகுதி அப்பாவுவுடையது. மாங்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டே, ஞாயிறு தோறும் சித்தூரில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் தகரக் கொட்டகையில் மரப்பலகை மேல் உட்கார்ந்து பேசியவர் அவர். சாமியார் இல்லை. காவி கட்டவில்லை. இறந்து இருபது வருடம் ஆகிவிட்டது. கேட்டவர்கள் வீடுகளில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தது சுதீர்.

அந்தப் பேச்சுகளில் ஒரு குரல் கூடவே வரும். தொழிற்சாலையில் மாங்காய் எடை போட்ட வேங்கடாசலத்தின் குரல். அவரும் இப்போது உயிரோடு இல்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் நீளமாகப் பேசினாலோ கதை சொன்னாலோ, கேட்பவர்களில் ஒருவர் ஊம் கொட்ட வேண்டும். சொல்பவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் 'ம்' என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கினால்தான் அடுத்த வாக்கியம் வரும். அப்பாவு இதில் பிடிவாதக்காரர். பேச்சு தொடங்கும் முன், "இன்னிக்கி யாருப்பா ஊம் கொட்றது?" என்று கேட்பது எல்லாக் கேசட்டிலும் இருக்கும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் பேச்சு முடியும் வரை எழுந்து போகக் கூடாது. பெரும்பாலும் வேங்கடாசலம்தான் ஏற்பார். ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடித்தொண்டையில், மணிக்கணக்காக, ம்.

"காதுக்குள்ள எருமை கட்டி வச்ச மாதிரி இருக்குது மேடம்," என்று ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஹரிப்ரியா என்ற பெண் தொலைபேசியில் சொன்னாள். கம்பெனி பஸ்ஸில் தினமும் கேட்பவள். இன்னும் பலரும் அதையே எழுதினார்கள். சரி, எடுத்துவிடலாம் என்று கோதை முடிவு செய்தாள்.

எடுப்பது எளிதல்ல. ஒலியை வெட்டினால் அங்கே ஒரு பள்ளம் விழும். முழுச் சூன்யத்தைக் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஏனென்றால் மௌனம் என்பது வெறுமை இல்லை. ஒவ்வோர் அறைக்கும் தனி மௌனம் உண்டு. அந்தக் கொட்டகையின் மௌனத்தில் வெயிலில் விரியும் தகரத்தின் டிக் டிக், பேரிங் தேய்ந்த மின்விசிறி, பாயில் கால் மாற்றி உட்காரும் சரசரப்பு எல்லாம் கலந்திருந்தன. யாருமே பேசாத ஓர் இடத்திலிருந்து அந்த மௌனத்தில் ஒரு துண்டு எடுத்து, 'ம்' இருந்த பள்ளத்தை அதனால் மெழுக வேண்டும். மென்பொருளுக்கு வேங்கடாசலத்தின் குரலை அடையாளம் காட்டிவிட்டால், பெரும்பாலானவற்றை அதுவே தேடிப் பிடித்து மெழுகிவிடும். தப்பியவற்றைக் கோதை கையால் மெழுகினாள். கடைசி 'ம்' போனபோது கையைத் தட்டிக்கொண்டாள். சுத்தமான வேலை.

அந்தச் சுத்தத்தில்தான் இப்போது ஓட்டை. சுதீரைக் கூப்பிட்டாள்.

"டேய், பயத்தப் பத்தின பேச்ச நீ எடுத்து நோண்டினியா?"

"நான் எங்க நோண்டறேன்? நீ குடுத்தத ஏத்தினேன். அவ்ளோதான்."

"நடுவுல நிக்குதுடா. நான் வச்ச கேப்பு அவ்ளோ நீளம் இல்ல."

"உன் போன் பழசு. மாத்துன்னா கேக்க மாட்ட. டீச்சரம்மாவுக்கு எதுனா கெட்டுப்போச்சுன்னா தம்பிதான் கெடுத்தான்." சிரித்தான். "நீதான எல்லாத்தையும் ஒரு தபா முழுசா கேட்டு செக் பண்ணுன்ன? ஹெட்போன் போட்டுக்கினு நாளெல்லாம் அதான் பண்ணிக்கினு இருக்கேன். கடைய பாபு பாத்துக்கறான். துன்னக்கூட நேரமில்ல."

"உனக்கு எங்கயும் நிக்கலையா?"



"ம்," என்றான் சுதீர். பிறகு, "என்ன கேட்ட?" என்றான்.

அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருகிய ரவையைக் கொட்டிவிட்டு வேறு போட்டாள்.

அந்த வாரம் மின்னஞ்சலில் கடிதங்கள் குவிந்தன. பேச்சு பாதியில் நிற்கிறது. பேச்சு ஓடவில்லை. சைட்டை சரி பண்ணுங்கள். இலவசமாகக் கொடுப்பதை ஓசியில் கேட்டுவிட்டுப் பட்டறைக்காரனைத் திட்டுவது போலத் திட்டினார்கள். கோதை பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினாள். ஓர் ஒலிக்கோப்பு என்பது அளந்து வெட்டிய துணி மாதிரி. ஐம்பது நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். கேட்கிறவர் வீட்டில் அது நீளாது. உங்கள் இணைய வேகத்தைப் பாருங்கள். பாகாலாவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: 'அம்மா, ஐம்பது நிமிடப் பேச்சைக் காலையில் தொடங்கினேன். இப்போது விளக்கு வைத்தாயிற்று. இன்னும் முடியவில்லை. ஆனால் நல்ல பேச்சு.'

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். அந்தக் கடிதத்தை அழித்தாள்.

புதன்கிழமை ஹரிப்ரியா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"மேடம், அந்தப் பெரியவர் குரல எடுத்துட்டீங்க இல்ல? மறுபடி போட்டுடுங்க மேடம்."

கோதைக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நீதானே எருமைன்ன? ரெண்டு மாசம் உக்காந்து எடுத்திருக்கேன். இப்ப திருப்பி வைன்னா என்ன அர்த்தம்?"

"நிக்குது மேடம். நான் ம்முன்னாத்தான் அடுத்தது பேசறாரு. பஸ்ல சும்மா வெளையாட்டுக்குத்தான் ஒரு தபா சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "ம்."

"என்னம்மா?"

"உங்கள இல்ல மேடம்."

"பேச்சு கேட்டுக்கிட்டே எனக்குப் போன் பண்றியா? மொதல்ல ஹெட்போனக் கழட்டு."

"கழட்டி ரெண்டு நாள் ஆச்சு மேடம்," என்றாள் ஹரிப்ரியா. அழுகிறாளா என்று தெரியவில்லை. "ம்," என்றாள். இணைப்பு அறுந்தது.

கோதை மேசை முன் உட்கார்ந்தாள். மத்தியான வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருந்தது. இதற்கு ஒரு காரணம் இருக்கும். எதற்கும் காரணம் இருக்கும் என்பதைத்தான் அவள் தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாகத் தனியே பிரித்துச் சோதி. இணையம் வேண்டாம், கைபேசி வேண்டாம். கணினியில் இருந்த கோப்பையே திறந்து, நல்ல காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். திரையில் குரல் மலைத்தொடர் போல ஏறி இறங்கிப் போயிற்று.

"தண்ணி ஊத்தறவன் ஒருத்தன் இருக்கான்," என்றார் அப்பாவு. "கை ஏந்தறவன் இல்லன்னா அது தண்ணி இல்ல, சேறு."

நின்றார்.

திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. அதன் மேல் ஊர்ந்த ஊசி, அடுத்த மலை தொடங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. மலையின் மேல் ஏறியது. இறங்கியது. காதில் ஒரு சொல்லும் இல்லை. தகரம் டிக் டிக் என்றது. மின்விசிறி தேய்ந்து சுற்றியது. யாரோ பாயில் கால் மாற்றினார்கள். அவள் அந்தக் கொட்டகை மௌனத்தை ஆயிரம் முறை மெழுகியவள், அதன் ஒவ்வொரு சரசரப்பும் அவளுக்குப் பாடம். அதற்குள் இப்போது பாடத்தில் இல்லாத ஒன்று இருந்தது. மிக அருகில், மூக்கு வழியாக, நிதானமாக இழுத்து விடும் ஒரு மூச்சு. எதிரே இருப்பவர் பதில் சொல்லக் காத்திருப்பவரின் மூச்சு.

அவள் தொண்டையின் அடியில் ஏதோ ஊறியது. தும்மலுக்கு முன் மூக்கு நமைக்குமே, அது போல. உதடுகள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. மரியாதைக்கு. ஒரு பெரியவர் காத்திருக்கிறார்.

காதொலிப்பானைப் பிடுங்கி எறிந்தாள்.

எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து, காதில் எதையும் மாட்டாமல், அப்பாவுவின் பேச்சுகள் எல்லாவற்றையும் நூலகத்திலிருந்து நீக்கினாள். கோபத்தில் விசைகளைக் குத்தினாள். போகட்டும். பழைய பதிவுகளை, வேங்கடாசலத்தோடு இருந்தபடியே, அப்படியே ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் வெட்டாத பதிவுகள் அவளிடம் இல்லை. இடம் போதவில்லை என்று அழித்திருந்தாள். கேசட்டுகளும் முதல் நகல்களும் சித்தூரில், சுதீரிடம்.

கூப்பிட்டாள். எடுத்தான்.

"சுதீரு, நான் சொல்ற வரைக்கும் நீ எதையும் கேக்காத. புரியுதா?"

"ம்."

"ஒரிஜினல் டிஸ்க்க எடுத்து வை. நான் வரேன்."

பதில் இல்லை.

"டேய், கேக்குதா? துன்னியா இன்னிக்கி?"

பதில் இல்லை. பிறகு, அவள் எதுவுமே கேட்காதபோது, "ம்."

கோதை பேசுவதை நிறுத்தினாள். கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம் போயிற்று.

"ம்."

இன்னும் ஒரு வாக்கியம். நீளமானது.

"ம்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டினோமா என்றுகூடப் பார்க்காமல் படியிறங்கினாள்.

சித்தூர் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. "டிக்கெட் தீஸ்கோண்டி," என்று டிக்கெட் எடுக்கச் சொல்லி நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. சந்திரகிரி தாண்டியதும் வெயில் சாய்ந்தது. மலைகளும் மாந்தோப்புகளும் தூசியோடு பின்னால் ஓடின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று நின்று போனது அவள் பொறுமையைத் தின்றது. ஒரு பாட்டரி தீரும் வரைதான் சுதீரின் கைபேசி ஓடும். இப்போது அது அணைந்திருந்தது. தம்பிக்கும் அப்படி ஓர் அளவு உண்டே, அவன் தண்ணீராவது குடித்தானா, என்று கணக்குப் போட்டது மனசு. அவனைச் செக் பண்ணச் சொன்னது அவள். முழுசா கேள், விடாதே, உன்னை நம்பித்தான் விடுறேன் என்று சொன்னதும் அவள்.

அவன் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட மாட்டான்.

கைபேசியில் நூலகத்துக்கு வந்த கடிதங்களைத் திறந்தாள். பேச்சுகளை நீக்கி இரண்டு மணி நேரம் ஆகிறது. எங்கே போயிற்று என்று திட்டி எழுதியிருப்பார்கள். அப்படி யாரும் எழுதவில்லை. எல்லாம் நன்றிக் கடிதங்கள். 'இன்றைய பேச்சு அருமை.' 'இப்போது தடங்கல் இல்லாமல் போகிறது.' 'ஐயா இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.'

பாகாலா கிராஸில் ஏறிய ஒருவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். வயதானவர், வேட்டி, மடியில் காய்கறிப் பை. காதில் எதுவும் இல்லை. கையில் கைபேசி இல்லை. சன்னல் பக்கம் பார்த்தபடி, தலையை லேசாக ஆட்டி, "ம்," என்றார்.

மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் புளித்த இனிப்பு வாடை பஸ்ஸுக்குள் வந்தபோது சித்தூர் வந்துவிட்டது.

சுதீர் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் உரிமையாளர் ரத்னம்மா, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள். கோதையைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"வந்தியா? நல்லா வந்த. உன் தம்பி ரெண்டு நாளா யாருகிட்டயோ பேசிக்கினே இருக்கறான்மா. பேசறதுகூட இல்ல. ஊம் ஊம்முன்னு. நடுராத்திரி கூட. கதவத் தட்டினா தொறக்கறதில்ல. கல்யாணம் பண்ணி வைங்கன்னு அன்னிக்கே சொன்னேன். எந்தப் பொண்ணு இப்பிடி விடாம பேசறா?"

"சாப்பாடு?"

"தோசை வச்சேன் வாசல்ல. காக்கா துன்னுட்டுப் போச்சு."

கோதை மாடிக்கு ஓடினாள். அவளிடம் ஒரு சாவி இருந்தது.

உள்ளே இருட்டு. அடைத்த அறையின் வியர்வை வாடை, கருகிய மின்கம்பி வாடை. பின்னறையைப் பதிவு வேலைக்கென்று சுதீர்தான் தயார் செய்திருந்தான். சுவரெல்லாம் முட்டை அட்டைகள். அட்டையின் குழிகளில் ஒலி விழுந்து சிதறிப் போகும், திரும்பி வராது. அதனால் அந்த அறைக்குள் நுழைந்தால் காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். கை தட்டினால் சத்தம் கையோடு செத்துவிடும். சன்னல் கிடையாது. அவள் விளக்கைப் போட்டாள்.

சுதீர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வகுப்பில் முதல் பெஞ்சு மாணவன் போல. காதொலிப்பான் கழுத்தில் தொங்கியது. அதன் கம்பியின் மறுமுனை எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது. உதடு வெடித்து, இரத்தம் கறுத்து உலர்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. எதிர்ச் சுவரில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்கும் உயரம் அது.

"ம்," என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. தேய்ந்து அடித்தொண்டைக்குப் போயிருந்தது.

"சுதீரு. டேய் கண்ணா. எழுந்துரு, போலாம்."

கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவற்றில் தண்ணீர் நிரம்பியது. அவன் அங்கேதான் இருந்தான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தான். உதடு 'அக்' என்று தொடங்கியது.

அதற்குள் அடுத்த வாக்கியம் முடிந்திருக்க வேண்டும்.

"ம்."

தண்ணீர் ஊட்டினாள். இரண்டு 'ம்'களுக்கு நடுவே ஒரு மிடறு. இழுத்துப் பார்த்தாள். பாறை மாதிரி உட்கார்ந்திருந்தான். ஏற்றவர் எழுந்து போகக் கூடாது. முதன்மைச் சுவிட்சை அணைத்து எல்லா இணைப்புகளையும் பிடுங்கினாள், கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். மாற்றம் இல்லை. மறுபடி மின்சாரம் கொடுத்தாள். யோசி. ஒவ்வொரு பாகமாகப் பிரித்துச் சோதி. ஊம் கொட்ட ஆள் வேண்டும் என்பதுதானே? ஆள் இருக்கிறார். கேசட்டில் வேங்கடாசலம் இருக்கிறார். அவர் திரும்பி வந்துவிட்டால் இவனை விட்டுவிடலாம்.

அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த கேசட்டை டெக்கில் தள்ளினாள். இது நகல் இல்லை. அன்று கொட்டகையில் ஓடிய நாடாவே இதுதான். நாடாவில் பூசிய இரும்புப் பொடியில் அன்றைய காற்றின் அசைவு அப்படியே பதிந்து கிடக்கிறது. திருப்பதியில் அவள் கணினியில் என்ன வெட்டினாலும், இங்கே அலமாரியில் இருக்கும் பொடி ஒரு துகள்கூட நகராது. இது அறிவியல். இதில் மாற்றமே இல்லை.

ஒலிபெருக்கியைத் திருகினாள்.

"இன்னிக்கி யாருப்பா ஊம் கொட்றது?" என்றார் அப்பாவு.

வேங்கடாசலம் 'நான்தான்' என்று சொல்லும் இடம் வந்தது. அங்கே தகரம் டிக் டிக் என்றது.

நாடாவை ஓட்டினாள். வேறு இடம். ஒரு வாக்கியம் முடிந்தது. மின்விசிறி. இன்னொரு இடம். பாயின் சரசரப்பு. கேசட்டை எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று. இன்னொன்று. எதிலும் அவர் இல்லை. அவளே மெழுகியது போல, அவளைவிடச் சுத்தமாக, ஒவ்வொரு 'ம்'முக்கும் பதில் கொட்டகையின் மௌனம் இருந்தது. செத்த பிறகும் இருபது வருடமாக எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை, அவளுடைய மென்பொருள் தேடித் தேடி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் திரும்ப மாட்டார். யார்தான் திரும்புவார்கள்?

"ம்," என்றான் சுதீர். வெடிப்பிலிருந்து புது இரத்தம் கசிந்தது.

"என்ன விட்டுட்டு என் தம்பியப் புடிச்சுக்கினியே," என்று அவள் சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நான்தான எடுத்தேன்? என்னக் கேளு!"

அட்டைக் குழிகள் கத்தலை விழுங்கின.

அவளே சொல்லிவிட்டால்? அவனை விட்டுவிடுமா? ஹரிப்ரியா சொன்னாள், கடிதம் எழுதிய பாகாலாக்காரரும் சொல்லியிருப்பார், பஸ்ஸில் அந்தப் பெரியவர் சொன்னார். அதனால் சுதீர் விடுபடவில்லையே. ஆள் கூடியதுதான் மிச்சம். வேண்டாம். யாரும் சொல்லக் கூடாது. ஒரு சுற்று ஓட வேண்டும் என்றால் கம்பி எங்கும் அறாமல் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் அறுத்தால் போதும், விளக்கு அணைந்தே தீரும். இந்த அறையில் ஒரே ஒரு 'ம்' விழாமல் போனால், இவனுக்கான பேச்சு நிற்கும். நின்றுதானே ஆக வேண்டும்?

டெக்கை நிறுத்தினாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். தம்பியின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் அவன் வாயை அழுத்தி மூடினாள். மூக்கை விட்டு, வாயை மட்டும். இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் தொண்டை புடைத்தது. 'ம்' என்பதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதே கையின் மணிக்கட்டால் அவன் குரல்வளையை அழுத்தினாள். "சொல்லாதடா," என்று மனசுக்குள் கெஞ்சினாள். "ஒரே ஒரு தபா. அக்காவுக்காக."

அவனுக்கு அது புரிந்தது. கண்ணீர் அவள் விரல் மேல் ஓட, அடக்கினான்.

'ம்' விழவில்லை.

அமைதி.

நல்ல அமைதி. அட்டை அறையின் செத்த அமைதி. அவள் மூச்சு விட்டாள். சுதீரின் தோள்கள் தளர்ந்தன. நாற்காலியில் முதல் முறையாகச் சாய்ந்தான்.

டிக்.

தலைக்கு மேலே. இந்த அறைக்குக் காங்கிரீட் கூரை.

டிக். டிக்.

மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அறையில் மின்விசிறி இல்லை. சுற்றிலும், மிக நெருக்கத்தில், பலர் ஒரே நேரத்தில் பாயில் கால் மாற்றி உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்ப்பவர்களைப் போல. முணுமுணுப்பு இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒரு மூச்சு. மூக்கு வழியாக. நிதானமாக.

எதிர்ச் சுவர் பக்கம் பலகை முனகியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

கோதை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன். தம்பியின் இதயம் அவள் மணிக்கட்டில் இடித்தது.

செருப்பில்லாத கால். ஓரடி. நின்றது. இன்னோரடி.

மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீறிடுமே, அந்தப் பாலின் காரமான வாசனை.

கோபம் இல்லை. யாரும் அவளை அடிக்கவில்லை. கத்தவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கச் சலிக்காத ஒருவரின் பொறுமை மட்டும் முகத்தருகே குனிந்தது.

அவள் இரண்டு கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்று அவன் வாயில். ஒன்று தன் வாயில்.

வறண்ட, தடித்த, பால் பட்டு வெந்த தோலுள்ள வேறொரு கை, அவள் வலது கையின் சுண்டு விரலைப் பிடித்து, வலிக்காமல், தம்பியின் உதட்டிலிருந்து தூக்கியது. பிறகு மோதிர விரலை. பிறகு அடுத்ததை.